பின்கதவுப் பயிற்சித் திட்டம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் சில்லறை விஷயம். 'இங்கே கூடாது, அங்கே போ' என்று ஓர் உயிர் இன்னோர் உயிரிடம் முதன்முதலாகச் சொன்ன பொன்னான விநாடியில்தான் நாகரிகம் பிறந்தது. அந்தப் புனிதப் பணியை நம் காலத்தில் தலைமேல் போட்டுக்கொண்ட ஒரு மேதையின் வரலாறு இது. பயபக்தியோடு படிக்கவும்.

மேதை ஒரு பெரிய நிறுவனத்தின் பயிற்சித் துறையில் துணை மேலாளர். நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று இரண்டு முழு நாள் வகுப்பு எடுப்பார். ஒரு ஃபைலை அலமாரியில் வைப்பதற்கு ஏழு கட்டங்கள் உண்டு என்று கண்டுபிடித்தவரும் அவரே. அதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் ஃபைலைச் சும்மா எடுத்துச் சும்மா வைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு இருட்டு.

குடியிருப்பது கீழ்த்தளத்தில். பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் மண் தரை, ஒரு தண்ணீர்க் குழாய். மனைவிக்குக் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. மகள் பதினோராம் வகுப்பு. இவர்களோடு பதினோரு வயதான ஒரு பழுப்பு நாய். அதற்கு வீட்டில் 'பெரியவர்' என்று பெயர். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பெரியவர் பின்கதவருகே போய் உட்கார்ந்து ஒரு பார்வை பார்ப்பார். யாராவது கதவைத் திறப்பார்கள். போவார், வருவார், படுப்பார். பதினோரு வருடத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு சிந்தியதில்லை. எந்த வகுப்புக்கும் போகாததால் அவரை யாரும் பாராட்டியதும் இல்லை.

இந்த நிலையில்தான் மகள், தோழி வீட்டில் பிறந்த ஒரு கறுப்புக் குட்டியைச் செருப்புப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதக் குட்டி. உடம்பு அளவுக்குக் காது. பெயர் வைக்கும் வரை 'புதுசு' என்று கூப்பிட்டார்கள்; அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. வந்த அரை மணி நேரத்தில் புதுசு சோபாக் கால், மேதையின் அலுவலகப் பை, அன்றைய செய்தித்தாள் ஆகிய மூன்றையும் நனைத்து, தனக்கு ஓரவஞ்சனை கிடையாது என்று நிரூபித்தது.

மேல்மாடியில் வீட்டுக்காரர். பத்திரம் எழுதுவது அவர் தொழில். பேசினாலே ஷரத்து ஷரத்தாகத்தான் வரும். நான்காம் நாள் மூக்கைச் சுருக்கியபடி இறங்கி வந்தார்.

"ஒரு நாய்னுதான் ஒப்பந்தம். ரெண்டாவதுக்கு இன்னையிலேருந்து மூணு வாரம் டைம் தரேன். இருபத்தோராவது நாள் காலைல பத்து மணிக்கு வருவேன். வாடை இருந்தா புதுசு வந்த பெட்டியிலயே திரும்பிப் போகணும். சரியா?"

சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். மகள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "இது நம்ம வீட்டுல இருக்குமாப்பா?" என்றாள்.

மேதை குட்டியின் காதைத் தடவினார். "ஏழாயிரம் பேருக்குப் பயிற்சி குடுத்தவன்மா உங்கப்பா."

"அதுல எத்தனை பேரு மாறுனாங்க?" என்று கேட்டார் மனைவி.

"அதைப் பாக்கறது வேற துறை."

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போய், முழுசாக முடிக்கும் வரை கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். வார்டில் இருபது வருடம் ஈரத் துணி மாற்றிய கை அது. மேதை கனிவோடு சிரித்தார். பாவம், அனுபவம் இருக்கிறது, அணுகுமுறை இல்லை.

மறுநாளே 'பின்கதவுப் பயிற்சித் திட்டம்' தொடங்கியது. தேதி, நேரம், இடம், அளவு, காரணம், குறிப்பு என்று கட்டம் போட்ட ஓர் ஆளுயர அட்டையைப் பின்கதவிலேயே மாட்டினார். அட்டை தாழ்ப்பாளை மறைத்தது. கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் அட்டையைக் கழற்ற வேண்டும், பிறகு தாழ்ப்பாள். அட்டை கழற்றப்படுகிற நேரத்தில் புதுசு பல சமயம் வேலையை முடித்திருக்கும். அது 'காரணம்' என்ற கட்டத்தில் 'அவசரம்' என்று பதிவானது.

பெரியவருக்கு 'வழிகாட்டி' பதவி. தினமும் காலையில் இருபது நிமிடம் புதுசு அவர் எதிரில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பெரியவர் அந்த இருபது நிமிடமும் தூங்கினார். 'வழிகாட்டி அமைதியான முறையைக் கையாள்கிறார்' என்று குறிப்பு எழுதினார் மேதை.

அடுத்தது ஊக்கப்பரிசு. வெளியே போனால் ஒரு பிஸ்கட். புதுசுக்கு இது இரண்டே நாளில் விளங்கிவிட்டது. மேதைக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. மொத்தத்தையும் ஒரே தடவை விட்டால் ஒரே பிஸ்கட். சொட்டுச் சொட்டாக விட்டால்? குட்டி ஒரு நாளைக்கு ஒன்பது தடவை மண் தரைக்குப் போய், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சொட்டு விட்டுவிட்டு, பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தது. மீதியைச் சோபாக் காலடியில், யாரும் அவசரப்படுத்தாத இடத்தில், நிம்மதியாக முடித்தது. பெரியவருக்குப் பிஸ்கட் இல்லை. ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவரை ஊக்குவிக்க விதியில் இடமில்லை.

இரண்டாவது ஞாயிறு சாப்பாட்டு மேசையைச் சுற்றி 'மீளாய்வுக் கூட்டம்' நடந்தது. வெளியே ஒன்பது, உள்ளே மூன்று, ஆக வெற்றி விகிதம் எழுபத்தைந்து சதவீதம் என்று மேதை அறிவித்தார்.

"போன வாரமும் உள்ள மூணுதானே?" என்றார் மனைவி.

"நீ மூணைப் பாக்கறே. விகிதத்தைப் பாரு."

"நான் விகிதத்தையா துடைக்கிறேன்?"

அப்போதுதான் பெரியவர் எழுந்தார். பத்து நாளாக எல்லாவற்றையும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர். தப்பு செய்கிற பயலுக்குத் தினம் ஒன்பது பிஸ்கட், கூட்டம், அட்டை. தப்பே செய்யாத தனக்கு? நிதானமாக நடந்து வந்து, மேசையைச் சுற்றி ஒரு தடவை பார்த்து, மேதையின் நாற்காலிக் காலைத் தேர்ந்தெடுத்துக் காலைத் தூக்கினார். முடித்துவிட்டு நேரே பிஸ்கட் டப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

மகள் கூட்டக் குறிப்பு எழுதிய பேனாவை மூடி வைத்தாள்.

"பதினோரு வருஷத்துல முதல் தடவை," என்றார் மனைவி. "நல்லாவே கத்துக் குடுத்திருக்கீங்க."

மேதை தளரவில்லை. அன்றே பெரியவரைப் பதவி இறக்கி, அட்டையில் அவருக்கும் ஒரு வரிசை போட்டார். பயிற்சி பெறுவோர் எண்ணிக்கை இரட்டிப்பானதை ஒரு சாதனையாகவும் குறித்துக்கொண்டார். வாடையும் இரட்டிப்பானது. மேல்மாடி ஜன்னல் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

மகளுக்கு நம்பிக்கை போய்விட்டது. தோழிக்கு ஃபோன் செய்து, குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று மெதுவாக விசாரித்தாள். பிறகு புதுசின் துண்டைத் துவைத்து மடித்துச் செருப்புப் பெட்டிக்குள் வைத்தாள். மேதை அதைப் பார்த்தார். இன்னும் நான்கு கட்டம் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது, சேர்த்தார்.

இந்த நேரம் பார்த்து அலுவலகம் அவரை மூன்று நாள் வெளியூர் முகாமுக்கு அனுப்பியது. தலைப்பு: 'செய்து கற்றல்.' அரங்கத்தில் உட்கார்ந்தபடியே இருநூற்றுப் பன்னிரண்டு படங்களைத் திரையில் பார்த்துச் செய்து கற்க வேண்டும். கிளம்புகிற முன்னால் குட்டிக்கான வழிமுறைகளைப் பதினான்கு பக்கத்தில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். அவை அன்று காலையே பயன்பட்டன. நல்ல காகிதம், நன்றாக உறிஞ்சியது.

மனைவி மூன்று நாள் லீவு போட்டார். மகள் அட்டையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினாள். சோபாக் காலிலிருந்து நாற்காலிக் கால் வரை எல்லா இடத்தையும் வினிகர் விட்டுத் துடைத்தார்கள். பழைய வாடை இருந்தால் குட்டி அங்கேயே திரும்பப் போகும் என்பது மனைவியின் கட்சி. புதுசு தூங்கி எழுந்ததும், தட்டை நக்கி முடித்ததும், விளையாடிக் களைத்ததும் இரண்டு நாயையும் சேர்த்தே வெளியே கூட்டிப் போனார்கள். பெரியவர் முன்னால், புதுசு பின்னால். பெரியவர் மோந்த இடத்தைப் புதுசு மோந்தது. முழுசாக முடிகிற வரை அம்மாவும் மகளும் கூடவே நின்றார்கள். முடிந்ததும் இரண்டுக்கும் ஆளுக்கொரு பிஸ்கட், பெரியவருக்கு முதலில். பெரியவரின் கழுத்து நிமிர்ந்தது. முதல் நாள் இரண்டு தவறு, இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் மாலை புதுசு தானாகவே போய்ப் பின்கதவருகே பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே ஒரு பார்வை பார்த்தது. மகள் பெட்டியிலிருந்து துண்டை எடுத்துப் புதுசு படுக்கிற இடத்தில் விரித்தாள்.

ஆய்வுக்கு முந்தின நாள் மேதை திரும்பினார். தரை காய்ந்திருந்தது. வாடை இல்லை. ஆனால் அட்டையில் மூன்று நாள் காலி. அவர் முகம் வாடிவிட்டது.

"பதிவே இல்லையே. என்ன முன்னேற்றம்னு எப்படித் தெரியும்?"

"தரையைத் தொட்டுப் பாருங்கப்பா," என்றாள் மகள்.

தரை ஓர் ஆவணம் அல்ல என்பதைப் பொறுமையாக விளக்கினார். மூன்று நாளையும் உத்தேசமாக நிரப்பினார். மறுநாள் காலை நாய்கள் வெளியே போய் வந்ததும் அட்டையை மறுபடி பின்கதவில் வைத்து, இந்தத் தடவை நான்கு ஆணி அடித்தார்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். சோபாக் காலருகே குனிந்து மோந்தார். நாற்காலியருகே மோந்தார். மூலைமூலையாகப் போய், கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் இல்லையே. சரி, நான் வரேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மேதையால் அப்படி விட முடியுமா? "உக்காருங்க சார், முறைப்படி விளக்கிடறேன்," என்று பின்கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். திட்டத்தின் பின்னணியிலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு கிண்ணம் தண்ணீரை அப்போதுதான் குடித்து முடித்த புதுசு நேரே கதவுக்கு வந்தது. பெரியவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புதுசு அட்டையைப் பிறாண்டியது.

"பாத்தீங்களா சார், எவ்ளோ ஈடுபாடு."

"அப்பா, தள்ளுங்க."

"கேள்வியெல்லாம் கடைசியில."

புதுசு இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பெரியவர் மேதையைப் பார்த்து ஒரு தடவை குரைத்தார்.

"சார்," என்றார் வீட்டுக்காரர், "அது வெளிய போகணும்னு கேக்குது. பத்திரம் எழுதறவன் எனக்கே புரியுது."

"இன்னும் ரெண்டே பத்தி சார்."

மனைவி அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். மகள் அட்டையை இரண்டு கையாலும் பற்றி ஒரே இழுப்பு, ஆணியோடு வந்தது. தாழ்ப்பாள் விலகியது. இரண்டு நாயும் குழாயடிக்குப் பாய்ந்தன. அங்கே புதுசு முழுசாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முடித்ததை நான்கு மனிதர்கள் பட்டாபிஷேகம் பார்ப்பது போல் நின்று பார்த்தார்கள்.

"யாரு பழக்கினது?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியவரைப் பார்த்தார். மேதை அடக்கத்தோடு தலைகுனிந்தார். குனிந்த அந்தத் தலையை வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனைவியையும் மகளையும் ஒரு நிமிடம் மேலே வரச் சொல்லிவிட்டுப் படியேறினார்.

மாலையில் ஒப்பந்தத்தின் இணைப்புப் பத்திரம் வந்தது. தன் பயிற்சிக்குச் சட்டபூர்வ அங்கீகாரமே கிடைத்துவிட்டது என்று மேதை பூரித்துப் போனார். நடு அறையில் நின்று கணீரென்று வாசித்தார்:

"மேற்படி பிராணிகள் இரண்டாலும் மேற்படி வீட்டுக்கு யாதொரு கேடும் இல்லாதபடியால், அவை தம் ஆயுள் உள்ளவரை இங்கே வசிக்கச் சம்மதிக்கப்படுகிறது. மேற்படி வாடகைதாரர் இனி எவ்வகையிலும் அவற்றுக்குப் பயிற்சி அளிக்கலாகாது. மீறி அளிப்பாராயின், பிராணிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இடையூறின்றி, அவர் மட்டும் வீட்டைக் காலி செய்ய வேண்டியது."

கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு ஏற்கெனவே போட்டிருந்தது. ஒன்று மனைவியுடையது. இன்னொன்று மகளுடையது.