ஐந்து குரல் கம்பெனி

இனித் தனி ஆளுக்குத் தைப்பதில்லை, தைத்தால் அரசாங்கத்துக்குத்தான் என்று தையற்காரர் சபதம் எடுத்தார். தனி ஆள் எவரும் அவர் கடைப் படியை மிதித்து வெகுநாளாகிவிட்டதால், சபதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மழை விட்டபாடில்லை. கடை முழுக்க ஈரத் துணி வாடை. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. அந்தக் கடையில் முகம் சுளிக்காமல் நாள் முழுக்க வேலை செய்தது அது ஒன்றுதான். சுவரில் தொங்கிய அளவு நாடா, அளக்க ஆளில்லாமல் தானே சுருண்டுகொண்டது.

எதிர் வரிசையில் ஒரு ரெடிமேட் கடை. பளபளவென்று கண்ணாடி, உள்ளே குளிர்காற்று, நிற்க இடமில்லாத கூட்டம். யாரோ வேற்றாள் நடத்தியிருந்தால் வயிற்றெரிச்சலோடு போயிருக்கும். நடத்தியவன் மச்சினன். மனைவியின் சொந்தத் தம்பி. பாசக்காரப் பையன். அதுதான் தாங்க முடியவில்லை.

"மாமா, மாசக் கடைசியில கடையை மூடிட்டு நம்மகிட்ட வந்துடுங்க. வாசல்ல நின்னு சிரிச்ச முகமா வர்றவங்களைக் கூப்பிட்டாப் போதும். கால் வலிச்சா உக்கார ஸ்டூல் போட்டுத் தர்றேன்."

மாதக் கடைசிக்குள் பெரிய ஆர்டர் வர வேண்டும். வராவிட்டால் ஸ்டூல். இதுதான் நிலைமை. அந்த ஸ்டூலை நினைக்கும்போதெல்லாம் தையற்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூலைக்கூட ஒரு வகையில் சகித்துக்கொள்ளலாம். சிரித்த முகத்துக்கு எங்கே போவது? கல்யாணப் போட்டோவிலேயே பல்வலிக்காரர் மாதிரி நிற்கிறவர்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி சேதி கொண்டுவந்தாள்.

"ஏங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில வார்டுக்கெல்லாம் கட்டிலைச் சுத்தி மறைக்கிற திரை தைக்கணுமாம். சின்னத் தொழில் பண்றவங்களைக் கூப்பிட்டுப் பேசுறாங்களாம். என்ன வேணும்னு போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

"கேக்குறதா? நானா? கேட்டுக்கிட்டு நிக்கிறவனுக்கு எவனாவது ஆர்டர் தருவானா?"

"என்ன வேணும்னு தெரியாம எப்படித் தைக்கிறது?"

"உனக்கு அரசாங்கத்தைப் பத்தித் தெரியாது. சின்னவங்க வாங்கன்னு கூப்பிடுவாங்க. போனா, யாரு பெரிய ஆளுன்னு பார்த்துத்தான் தூக்கிக் கொடுப்பாங்க. நாம பெருசாத் தெரியணும்."

"நம்மகிட்ட இருக்கிறது நீங்க, நான், ரெண்டு மெஷின், ஒரு வாளி."

"அதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே. அதுக்குப் பேருதான் மார்க்கெட்டிங்."

"சொல்லாம இருக்கிறதா?"

"இல்லாததைச் சொல்றது."

சொன்னார், செய்தார். வழவழப்பான தாளில் விளம்பரப் புத்தகம் அடித்தார். அட்டையில் பத்து மாடிக் கட்டடம், மேலே கொடி, முன்னால் நீரூற்று. உள்ளே பக்கத்துக்கு ஒரு இலாகா: உற்பத்தி, கணக்கு, ஊழியர் நலன், இன்னும் என்னென்னவோ. கடைசிப் பக்கத்தில் டைரக்டர் என்று போட்டு அவர் படம். அந்தப் பல்வலிப் படம். முதல் பிரதி ஆஸ்பத்திரிக்குத் தபாலில் போயிற்று.

பக்கத்துக் கடைப் பூட்டு ரிப்பேர்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தெருவில் மூடிய கடைகளுக்கெல்லாம் கடைசிப் பூட்டு விற்றவர் அவர்தான். அதனால் யாரைப் பார்த்தாலும் அனுதாபமாகத்தான் பேசுவார்.

"இது யாரு கட்டடம்?"

"நம்மளதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா? படம்தானே போட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வந்து பார்த்தா?"

"வரமாட்டாங்க. ஃபோன்ல பேசுவாங்க. ஃபோன்லதான் என் கம்பெனியே இருக்கு, பாரு."

தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவுதான், கடை நிரம்பிவிட்டது. முதலில் ஒரு பெண், வெல்லப்பாகில் நனைத்தெடுத்த குரல்: "வணக்கம், யாரோட பேச விரும்புறீங்க? கொஞ்சம் லைன்ல இருங்க." அடுத்து ஜலதோஷம் பிடித்த கணக்கர்: "பில்லு பாஸ் ஆகலைன்னா நான் என்னங்க பண்றது?" பிறகு தொழிற்சாலை மேனேஜர். இவர் காலால் மெஷினை ஓட்டிக்கொண்டே அந்தச் சத்தத்துக்கு மேலே கத்துவார். அப்புறம் ஊழியர் நலன் மேனேஜர். வாக்கியத்துக்கு ஒரு இருமல், இருமலுக்கு ஒரு அறிவுரை. எல்லோருக்கும் கடைசியில் டைரக்டர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

பூட்டுக்காரர் கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். பிறகு, "இத்தனை பேர் இருந்தும் கடையில ஒரு ஆளைக் காணோமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை மனைவி மறுபடி ஆரம்பித்தாள். "நீங்க போகலைன்னா நான் அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வரட்டுமா?"

"போ. ஆனா கம்பெனி பேரை வாயில எடுக்காதே. டைரக்டர் பொண்டாட்டி கையில துணிப்பையோட உக்காந்திருந்தா நம்ம மதிப்பு என்னாகும்? நீ யாரோ, நாங்க யாரோ."

"அப்படியே சொல்லிடட்டுமா?"

"கண்டிப்பாச் சொல்லு."

சரி என்று தலையாட்டினாள். எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொள்ளாத மனைவி ஒரே தடவையில் தலையாட்டினால், விவரமுள்ள கணவன் ராத்திரி தூங்கமாட்டான். இவர் குறட்டை விட்டார்.

கூட்டத்துக்குப் போய்வந்தவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. யாரோதானே. மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது மட்டும், "உங்க ஆளுங்க எப்படிப் பேசுறாங்கன்னு நான் ஒரு தடவை ஃபோன் பண்ணிப் பார்க்கட்டுமா? ஒத்திகை மாதிரி" என்றாள். தையற்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு வழியாக இவளுக்கும் மார்க்கெட்டிங் புரிந்துவிட்டதே.

மத்தியானம் ஃபோன் அடித்தது.

"வணக்கம், யாரோட பேச விரும்புறீங்க?" என்றாள் வெல்லப்பாகுப் பெண்.

"உங்க கம்பெனியில தைக்கிறவம்மா நான். வேலையை விட்டு நின்னுக்கலாம்னு இருக்கேன். யார்கிட்ட சொல்லணும்?"

"கொஞ்சம் லைன்ல இருங்க." ஒரு இருமல். "ஆங், சொல்லும்மா. ஏன் நிக்கிறே? லொக். இந்த மாதிரிக் கம்பெனி வெளியில கிடைக்காதும்மா. லொக்."

"மூத்த அதிகாரிங்க ரொம்ப இருக்காங்க சார். தைக்கிறது நான் ஒருத்திதான்."

தையற்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என்னமாய் நடிக்கிறாள். "லொக். உன் இஷ்டம். இன்னியோட உன்னை விடுவிச்சாச்சு. உனக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"எங்கம்மா எனக்கு வாங்கிக் கொடுத்த மெஷின் ரெண்டும் அங்க இருக்கு சார். எடுத்துக்கலாமா?"

"அதுக்கு டைரக்டர் உத்தரவு வேணும். லைன்ல இரு." கிணற்றுக் குரல் வந்தது. "தாராளமா எடுத்துக்கோம்மா. எங்க கம்பெனி யார் வயித்துலயும் அடிக்காது."

சாயங்காலம் தள்ளுவண்டி வந்தது. மெஷின் ரெண்டும் ஏறின. "ஒழுகுற இடத்துல துருப்பிடிச்சிடும். வீட்டுப் பின்கட்டுல காய்ஞ்ச இடத்துல இருக்கட்டும்" என்றாள் மனைவி. நியாயமாகத்தான் பட்டது. ஏற்றிவிடும்போது இவரே ஒரு கை கொடுத்தார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், ஆஸ்பத்திரிக் கொள்முதல் அதிகாரி கூப்பிட்டார். சளைத்துப்போன குரல்.  ஐந்து பேரும் அன்றைக்குத் திறமையாகத்தான் வேலை செய்தார்கள். பெண் கொஞ்சினாள், கணக்கர் மூக்கை உறிஞ்சினார், மேனேஜர் கத்தினார். மெஷின்தான் வீட்டுக்குப் போய்விட்டதே, அதனால் டடடடவென்று நாக்கையே ஓட்டினார். அதிகாரி ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேசிக் கடைசியில் டைரக்டரை வந்தடைந்தார்.

"ஒரே ஒரு கேள்வி சார். மொத்தம் எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"நூத்தி எண்பது பேர்" என்றது கிணறு. "கிளைகள் தனி."

"அடடா. இது சின்னத் தொழில்களுக்குன்னு ஒதுக்கின ஆர்டர் சார். பத்துப் பேருக்கு மேல இருந்தா எங்களால தர முடியாது."

எதிரே கிடந்த விளம்பரப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"சார்," என்றார் தையற்காரர், சொந்தக் குரலில். அந்தக் குரல் அவருக்கே பழக்கம் விட்டுப்போயிருந்தது. "உண்மையைச் சொல்லிடுறேன் சார். நான் ஒருத்தன்தான்."

"இது யாரு பேசுறது? இப்பதான் புதுசாக் கேக்குறேன் இந்தக் குரலை."

"நான்தான் சார் டைரக்டர்."

"அப்ப முதல்ல பேசின பொண்ணு?"

"நான்தான்."

"ஜலதோஷக்காரர்?"

"நான்தான் சார்."

"ஃபேக்டரியில அவ்வளவு மெஷின் ஓடுச்சே?"

"டடடட" என்றார் தையற்காரர், அழாத குறையாக.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நூத்தி எண்பதுங்கறது பொய்யா, ஒருத்தன்ங்கறது பொய்யா? எதைப் பொய்ன்னு எழுதிக்கட்டும், சொல்லுங்க. ரெண்டுல எதை எழுதினாலும் உங்களுக்குத் தர முடியாது. தவிர, ஆர்டர் கொடுத்தாச்சு, துணியும் காலையில இறக்கியாச்சு. ஃபைலை மூடத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு அம்மா. கூட்டத்துக்கு வந்து ஒரே விஷயம்தான் கேட்டாங்க: இப்ப இருக்கிற திரையில என்ன குறைன்னு. வெந்நீர்ல வெளுத்தா சுருங்குது, கொக்கி பிய்யுதுன்னு நர்ஸுங்க புலம்பினாங்க. மறுவாரமே முதல்ல துணியைச் சுருங்க வச்சு, அப்புறம் வெட்டித் தைச்சு ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டிட்டு, 'முடிஞ்ச மட்டும் வெளுத்துப் பாருங்க'ன்னு போயிட்டாங்க. பிய்யவே இல்லை சார்."

"யாரு சார் அந்த அம்மா?"

"முன்னாடி ஏதோ பெரிய கம்பெனியில தைச்சாங்களாம். நிர்வாகம் ரொம்பப் பெருந்தன்மையாம், மெஷினைக்கூட எடுத்துட்டுப் போகச் சொல்லி முறைப்படி விடுவிச்சாங்களாம். இப்ப வீட்டுப் பின்கட்டுலதான் தொழில்."

ஃபோனை வைத்த பிறகு, ஐந்து பேர் ஒரே நாளில் போய்ச்சேர்ந்த வீடு மாதிரி இருந்தது கடை. பூட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். நல்லதாக ஒரு பூட்டைத் துடைத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் விளக்கெரிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரவர் மெஷினோடு வந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு டடடட அல்ல, நிஜ டடடட. பச்சைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. நடுவில் மனைவி, வாயில் குண்டூசி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

குண்டூசியை எடுத்தாள். "ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன். மேனேஜர் விடுவிச்சார். டைரக்டர் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார்."

"அது ஒத்திகைன்னு..."

"உங்களுக்கு ஒத்திகை. எனக்கு அதுதான் நாடகம்."

அவர் ஈரச் சட்டையைப் பிழிந்தார். தரையில் தண்ணீர் ஓடியது. இரண்டு பெண்கள் துணி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மச்சினனின் ஸ்டூல் கண் முன்னால் வந்து நின்றது.

"உன் தம்பி கடை வாசல்ல என்னால நிக்க முடியாது. எனக்குச் சிரிக்க வராது. இங்கேயே ஒரு வேலை போட்டுக் கொடேன்."

மனைவி தலைகளை எண்ணிப் பார்த்தாள். "என்னோட சேர்த்து ஒன்பது பேர். பத்துக்கு மேல போனா ஆர்டர் போயிடும். ஒரு இடம்தான் காலி. நீங்க அஞ்சு பேர் இருக்கீங்களே."

"ஒருத்தன்தான் வர்றேன்."

"அதான் எந்த ஒருத்தர்னு யோசிக்கிறேன். கணக்கருக்குத் தீராத ஜலதோஷம். மேனேஜர் கத்துவார், பொண்ணுங்க பயப்படுவாங்க. இருமுறவர் ஆஸ்பத்திரித் துணிக்கு ஆகாது."

"அப்ப டைரக்டர்?"

"அவர் ஒரு வேலையும் செஞ்சதா யாரும் சொல்லலீங்க. ஃபோன் எடுக்குமே, அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. வாய்க்கு மரியாதை தெரிஞ்சவ."

தையற்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மழை வலுத்தது. வாயைத் திறந்தார், வெல்லப்பாகுதான் வந்தது:

"எப்பலேர்ந்து வரணும், மேடம்?"