குழிக்குள் போன ஓடிபி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எமன்கூட சில சமயம் வீடு மாறிப் போயிருக்கிறான். ‘கடைசிக் கணக்கு’ என்று ஊர் கூப்பிடும் மனிதர் மாறிப் போனதே கிடையாது. வருமான வரி கட்டுகிற ஆள் எவர் செத்தாலும், பால் தெளிக்கும் முன்பே இவருடைய மொபெட் வாசலில் நிற்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். உயிரோடு இருப்பவர்களுக்கும் போடுவார்தான், ஆனால் அதில் மனசு ஒட்டாது. செத்தவர் கணக்கென்றால் ஆளே வேறு. அவருடைய நிஜப் பெயரை ஊர் மறந்து ரொம்ப நாளாயிற்று.

ஆஸ்பத்திரியில் நலம் விசாரிக்கப் போனாரென்றால் படுத்திருப்பவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். எங்கள் அப்பாவும் தூங்குவதுபோல் நடித்தார். கடைசிக் கணக்கு போனதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “போய்ட்டானா? இன்னா பார்வ பாக்கறான் பாரு, அளவெடுக்கற மாதிரி!” என்றார். அதற்கடுத்த வாரம் அப்பா போய்விட்டார்.

அப்பா கரியாலூர் மலையில் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டன் ஃபோன் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மலையில் சிக்னலைத் தேடி அலைந்த பழக்கத்தில், தியாகதுருகத்து வீட்டுக்குள்ளும் நின்றுகொண்டேதான் பேசுவார். எங்கள் மரவள்ளிக் கொல்லை ஓரத்தில்தான் அவரை அடக்கம் செய்தோம். போகிறவருக்குப் பிடித்ததைக் கூடவே வைத்து அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். வெற்றிலையும் மூக்குக்கண்ணாடியும் வைத்தாயிற்று. “ஃபோனு இல்லாம அந்த மனுசன் கொல்லைக்குக்கூட போனதில்ல. பாக்கெட்ல வைங்கடா,” என்றாள் அம்மா. வைத்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. அப்பாவின் டெபாசிட்டில் வங்கி வரி பிடித்திருந்ததால் அவர் பேரில் கடைசியாக ஒரு ரிட்டர்ன் போட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சென்டர்காரன் ஒருவன், “ஓடிபி அப்பா நம்பருக்குத்தான் போவும்,” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டான். அண்ணன் மண் அள்ளும் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். எதைக் கண்டாலும் தோண்டத்தான் தோன்றும்.

“ஜேசிபி நம்மளுது. அரை மணி நேர வேல. எடுத்துட்டு மூடிடலாம்,” என்றான்.

அம்மா எழுந்தாள். கொல்லைக்குப் போய்ச் சமாதிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் விடிந்தால் அங்கே, பொழுது சாய்ந்தால்தான் வீடு. கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்தது.

கடைசிக் கணக்கிடம் ஓடினேன். அவர் மூன்று டீ வரவழைத்தார். ஒன்றைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழைச் சாய்த்து வைத்தார். பிறகு நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்:

“ஐயா, பென்சன், டெபாசிட்டு… வேற வருமானம் ஏதாச்சும் இருக்குங்களா?”

“இல்ல சார்,” என்றேன்.

“நீ சும்மா இரு தம்பி. கிளையண்ட்ட கேட்டுகினு இருக்கேன்.”

மூவரும் பேசாமல் இருந்தோம். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. நாற்காலி பதில் சொல்லாது என்பது உறுதியான பிறகு, “சரி, நீ சொல்லு,” என்றார்.

ஃபோன் விஷயத்தைச் சொன்னதும் டீயைப் பட்டென்று வைத்தார். “எந்தப் பாவி சொன்னான்? வாரிசுன்னு உன்ன பதிவு பண்ணிட்டா ஓடிபி உன் ஃபோனுக்கு வரும். குழிக்குள்ள இருக்கறவர எவன் கேப்பான்?”

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பதிவு செய்து, ஒப்புதல் வர நாளாயிற்று. அதுவரை கடைசிக் கணக்கு தினமும் காலையில் அண்ணனை ஃபோனில் கூப்பிட்டு, “வண்டிய எங்க நிறுத்தி வச்சிருக்க?” என்று மிரட்டினார். அம்மாவிடம் நான் சொல்லிப் பார்த்தேன். “முடிஞ்சாத்தான்டா நம்புவேன்,” என்றாள்.

ரிட்டர்ன் அனுப்பும் நாளன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். என்னையும் நிற்க வைத்தார். என் ஃபோனுக்கு ஓடிபி வந்தது. எண்களை அடித்தேன், பொத்தானை அழுத்தவில்லை. இதையும் அனுப்பிவிட்டால் இந்த உலகத்தில் அப்பா பேருக்கு வேறு வேலையே இல்லையே என்று தோன்றியது. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அழுத்தினேன்.

“வா, கிளையண்ட்டுக்குத் தகவல் சொல்லணும்,” என்று மொபெட்டை எடுத்தார்.

கொல்லையில் அம்மா வழக்கமான இடத்தில் இருந்தாள். கடைசிக் கணக்கு சமாதி மேட்டுக்கு முன்னால் கைகட்டி நின்று, அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: “ஐயா, உங்க கணக்கு முடிஞ்சுதுங்க. பையன் ஒழுங்கா பண்ணிட்டான். இனிமே உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க. நிம்மதியா படுங்க.”

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள்.

“பசிக்குதுடா. வூட்டுக்குப் போலாம். ஐயா, நீங்களும் வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க.”

அவர் திகைத்துவிட்டார். அவரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற ஊரில், சாப்பிடக் கூப்பிட ஆளேது! வீட்டு வாசலிலேயே தயங்கி நின்றவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், அப்பா உட்காரும் இடத்தில் அவருக்கு இலை போட்டேன்.