தங்கிய நாள் கணக்கர்

நாள் பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. நல்ல நாள் பார்ப்பவர்கள் ஒரு வகை. அவர்களால் நமக்குப் பெரிய தொந்தரவு இல்லை. எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் இப்போது ஒரு புதிய இனம் கிளம்பியிருக்கிறது.

சம்பளம் கொடுக்கும் கம்பெனி ஒரு நாட்டில் இருக்க, மடிக்கணினியோடு இன்னொரு நாட்டில் குடியிருந்து வேலை பார்ப்பதற்கென்றே சில அரசாங்கங்கள் விசா கொடுக்கின்றன அல்லவா? அந்த விசாவில் போய் உட்கார்ந்துகொண்டு, இதுவரை எத்தனை நாள் இருந்தோம், இன்னும் எத்தனை நாள் இருக்கலாம், எத்தனை நாள் இருந்தே தீர வேண்டும் என்று மூன்று கணக்கை ஒரே மூச்சில் போட்டுக்கொண்டிருப்பவரைத்தான் சொல்கிறேன். தங்கிய நாள் கணக்கர் என்று அவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நெருங்கிய நண்பன் கல்யாணத்துக்கு அழைத்தால், "வரணும்னு ஆசைதான்டா, நாள் மிச்சம் இருக்கான்னு பார்த்துட்டு சொல்றேன்" என்பார். வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்ற இடத்துக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அப்புறம் நீங்கள் அங்கிருந்து நகர முடியாது. உங்கள் கடவுச்சீட்டை வாங்கிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனவர் ஜாதகத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

என் அக்காவைக் கட்டிய அத்தான் இந்த இனத்தில் முதல் தரம்.

ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்குக் கணினி வேலை செய்கிறார். அக்காவையும் அழைத்துக்கொண்டு ஒரு வருட விசாவில் வெளிநாடு போனார். வருடம் முடிகிற சமயத்தில் மூன்று வாரம் தங்கிவிட்டு வரலாம் என்று நான் கிளம்பிப் போனேன். பதினான்கு மணி நேரம் பறந்து, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். எதிரே அத்தான். பயணம் எப்படி இருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்பார் என்றுதானே நினைப்பீர்கள்?

"மாப்ள, முத்திரை தெளிவா விழுந்திருக்கா?"

கடவுச்சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, திருப்தியாகி, அதைப் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் என் பெட்டியில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தான் தயாரித்திருந்த ஒரு பட்டியலைக் காட்டினார். வருடத்தின் அத்தனை நாளும் கட்டம் கட்டமாக இருந்தது. நாட்டுக்குள் இருந்த நாள் பச்சை, வெளியே போன நாள் மஞ்சள், ரயிலில் இருந்த நாள் பாதிப் பச்சை பாதி மஞ்சள். கம்பெனிக் கூட்டத்துக்காக மூன்று தடவை பக்கத்து நாட்டுக்கு ரயிலில் போய்வந்திருக்கிறார். மற்றபடி எங்கு பார்த்தாலும் பச்சை.

"விசா புதுப்பிக்கணும்னா ஆறு மாசத்துக்குக் குறையாம இங்க இருந்திருக்கணும். நான் எத்தனை நாள் இருந்திருக்கேன் தெரியுமா? முன்னூத்தி இருபத்தி ஏழு."

"ஊர்ல என்னெல்லாம் பார்த்தீங்க அத்தான்?"

"பார்க்கணும்" என்றார். "எங்க போகுது."

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவள் அந்த ஊர் மொழியை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டிருந்தாள். நூலகத்தில் அட்டை வைத்திருந்தாள். வாரம் இரண்டு நாள் நீச்சல். ரொட்டிக் கடைக்காரியோடு கால் மணி நேரம் நின்று பேசுவாள், என்ன பேசினாய் என்று கேட்டால் அந்தப் பெண்ணின் மாமியாரைப் பற்றி என்பாள். மின்சார இணைப்பு, குடிதண்ணீர், வாடகைப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மனு எழுதியவள் அவளே. எழுதியவள் பெயரிலேயே எல்லாம் இருந்தன. அத்தானுக்கு அந்த மொழியில் தெரிந்தது ஒரே வார்த்தை, "நன்றி". அதையும் லிஃப்டில் மட்டும்தான் சொல்லுவார். மேசை, நாற்காலி, மடிக்கணினி, பச்சைக் கட்டம். வருடம் ஓடிவிட்டது.

நான் போன நாலாம் நாள் குடியேற்ற அலுவலகத்தில் அவர்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அத்தான் பட்டியலை நல்ல காகிதத்தில் வண்ணத்தில் அச்சடித்து, ஓரம் மடங்காமல் உறையில் போட்டுக்கொண்டார். மகளின் நாட்டிய அரங்கேற்றத்துக்குப் போகிற தகப்பன் மாதிரி ஒரு நடை. வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நரைத்த குட்டை முடியோடு ஒரு அதிகாரி அம்மா. பேச்செல்லாம் அந்த ஊர் மொழியில். அக்காதான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதலில் அக்காவின் காகிதங்கள். மொழி வகுப்பு வருகைப் பதிவு, நூலகச் சீட்டுகள், பல் மருத்துவர் ரசீது, நீச்சல் குளத்துப் பதிவேட்டின் நகல். அந்த அம்மா புரட்டினார், தலையை ஆட்டினார், ஒரு கையெழுத்து. முடிந்தது.

அத்தான் உறையை நீட்டினார்.

அந்த அம்மா பட்டியலை நேராகப் பிடித்துப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார், பிறகு ஏதோ கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்காம்" என்றாள் அக்கா. "யார் தயார் பண்ணதுன்னு கேக்கறாங்க."

"நான்தான்" என்றார் அத்தான், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அதான் பிரச்னைன்னு சொல்றாங்க."

ரயிலில் எல்லை தாண்டினால் அங்கே முத்திரை குத்துவதில்லை. கடவுச்சீட்டில் இருந்தது முதல் நாள் விழுந்த ஒரே ஒரு முத்திரை. அதற்குப் பிறகு இந்த மனிதர் இங்கேயே இருந்தாரா, பக்கத்து நாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாரா என்று யாருக்குத் தெரியும்? தானே அடித்த பட்டியல் செல்லாது. வேறு யாராவது எழுதிய காகிதம் வேண்டும். போன் எண் சொந்த நாட்டு எண். வங்கியும் அங்கேயே. மருத்துவரிடம் போனாரா? இவருக்குத் தலைவலிகூட வந்ததில்லை. கம்பெனிக் கடிதமோ, இவர் வேலை செய்தார் என்று சொல்லுமே தவிர எங்கே உட்கார்ந்து செய்தார் என்று சொல்லாது. ஒரு வாரத்துக்குள் ஆதாரம் வராவிட்டால் ஒரு மாதத்தில் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வரும்வரை அத்தான் உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே வந்தார். அக்காவுக்குத்தான் கண் கலங்கியிருந்தது. அவர் விசா போனால் அவளும் கிளம்ப வேண்டியதுதான். மொழி வகுப்பில் அடுத்த நிலைக்கு அன்று காலைதான் பெயர் கொடுத்திருந்தாள்.

அடுப்படியில் தண்ணீர் குடித்த தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அத்தான் கேட்டார்: "முன்னூத்தி இருபத்தி ஏழு நாள் இருந்திருக்கேன். என்னைப் பார்த்தேன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா?"

"வெளிய வந்தாத்தானேங்க பார்ப்பாங்க" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது என்று நினைக்கிறேன். தம்ளரை வைத்துவிட்டு அறைக்குள் போனார். பட்டியலைத் திறக்கவில்லை. இவ்வளவு நாளில் அதிசயம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை அக்கா கட்டட நிர்வாகியைப் பார்க்கக் கிளம்பினாள். மூன்றாம் மாடியில் இப்படி ஒருவர் குடியிருக்கிறார் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஆனால் அவர் இந்த மனிதரைக் கண்ணால் பார்த்ததுண்டா? தயங்கித் தயங்கித்தான் கேட்டாளாம்.

"உங்க வீட்டுக்காரரா?" என்றாராம் நிர்வாகி. "அவரைத் தெரியாம இருக்குமா?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து அவள் முன்னால் போட்டிருக்கிறார். உள்ளே ஐம்பத்தாறு புகார்க் கடிதங்கள். வாங்கிக் கோப்பில் போட்டதோடு சரி, எங்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையாம். எழுதியவர் எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் ஓய்வு பெற்ற கட்டட வரைபடக்காரர். வாரம் ஒன்றுக்குக் குறையாமல், தேதி போட்டு, மணி போட்டு, கட்டை விரல் அளவுக்கு ஓரம் விட்டு எழுதியிருந்தார். "இன்று காலை ஏழு பத்துக்கு மேல் வீட்டு ஆண் தன் நாற்காலியைச் சன்னலிலிருந்து கதவுவரை இழுத்தார். ஏழு பதினெட்டுக்குத் திரும்ப இழுத்தார். ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை யாரையோ உரத்த குரலில் 'கேக்குதா, கேக்குதா' என்று விசாரித்தார்." அந்த வார்த்தையை மட்டும் காதில் விழுந்தபடி தன் மொழி எழுத்தில் எழுதிவைத்திருந்தார். அத்தான் பக்கத்து நாடு போயிருந்த நாட்களில் மூன்றே மூன்று குறிப்புகள்: "இன்று நிம்மதி."

பட்டியலோடு ஒத்துப் பார்த்தோம். ஒரு தேதி பிசகவில்லை. அத்தான் நெகிழ்ந்துபோனார். "என்ன மாதிரி மனுஷன் மாப்ள" என்றார். "இவரைத் தெரியாம ஒரு வருஷம் இருந்திருக்கேனே."

அதிகாரி அம்மா கோப்பைப் பொறுமையாகப் படித்தார். ஐந்தாவது கடிதத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பத்தாவதில் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். விசா இரண்டு வருடத்துக்குக் கிடைத்தது.

அன்று மாலையே அத்தான் நன்றி சொல்லக் கீழே போனார், அக்கா துணைக்கு. வரைபடக்காரர் கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டாராம். எத்தனை நாள் நீட்டித்திருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார். இரண்டு வருடம் என்றதும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாராம். சும்மா சொல்லக்கூடாது, அத்தான் மறுநாளே நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணி வாங்கி வந்து ஒட்டினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று அக்கா எழுதியிருக்கிறாள். யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று இருவருமே தனித்தனியாகக் குறித்துவைத்துக்கொள்கிறார்களாம்.

சிரிக்கிறீர்கள். எனக்கு விசாவும் இல்லை, வெளிநாடும் இல்லை, இது என்னைப் பற்றி அல்ல என்று காலை நீட்டிக்கொள்கிறீர்கள். நல்லது. இந்த வருடம் இன்னும் எத்தனை நாள் விடுப்பு பாக்கி என்று கேட்டால் பட்டென்று சொல்லுவீர்கள். நேற்று எத்தனை அடி நடந்தீர்கள் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவீர்கள். சரி, போன மாதம் பதினான்காம் தேதி எங்கே இருந்தீர்கள்?

வீட்டில்தான் என்கிறீர்களா? இருக்கலாம். யார் பார்த்தார்கள்?