மேற்படி காதின் பராமரிப்பு அட்டை

தனியொரு ஊழியரின் வலது காதுக்காக எட்டு மாதத்தில் முப்பத்து நான்கு கூட்டங்கள் நடத்திய நிறுவனம் இந்தப் பூமியில் எங்களுடையது ஒன்றுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அத்தனை கூட்டங்களுக்கும் குறிப்பு எழுதியவன் என்ற பொறுப்போடு சொல்கிறேன். மற்ற நிறுவனங்கள் ஊழியருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கும், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும், அதோடு சரி. நாங்கள் காது வரைக்கும் போனோம்.

நாங்கள் லிஃப்ட் பராமரிப்பவர்கள். நூற்று அறுபது லிஃப்டுகள் எங்கள் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. சில சமயம் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நடுவில் நிற்கின்றன. அப்போது உள்ளே மாட்டிக்கொண்டவர் அலறியடித்துக்கொண்டு போன் செய்வார். எடுப்பவர் எங்கள் வரவேற்பாளர். நாற்பத்து மூன்று வயது, ஒப்பந்த ஊழியர். "எந்த பட்டனையும் அழுத்தாதீங்க சார். கதவை இழுக்காதீங்க. சும்மா நில்லுங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க" என்பார். மறுமுனையில் அலறல் அடங்கிவிடும்.

இவர் ஒரு சனிக்கிழமை மகளோடு கடைக்குப் போய், காது மடலின் மேல் விளிம்பில், குருத்தெலும்பு இருக்கும் இடத்தில், ஆளுக்கொரு துளை போட்டுக்கொண்டு வந்தார். ஒரே கடை, ஒரே நாற்காலி, ஒரே மாதிரிக் குட்டித் தோடு. "எனக்குன்னு நான் எதுவுமே செஞ்சுக்கிட்டதில்ல சார். பொண்ணு கூப்பிட்டா, போனேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க இடமில்லை.

அதே வாரம்தான் எங்கள் மேலாளர் 'அக்கறை சார்ந்த நிர்வாகம்' என்ற மூன்று நாள் பயிலரங்கை முடித்துத் திரும்பியிருந்தார். அக்கறை எப்படிக் காட்டுவது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். யார் மேல் காட்டுவது என்பதை மட்டும் பங்கேற்பாளர்களின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். திங்கள்கிழமை காலை வரவேற்பு மேசையைக் கடக்கும்போது சிவந்திருந்த ஒரு காது அவர் கண்ணில் பட்டது.

"என்னம்மா காதுல?"

"மேல குத்தியிருக்கேன் சார். அந்த இடம் ஆற நாளாகுமாம்."

"எவ்வளவு நாளு?"

"ஆறு மாசம். சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்னு சொன்னாங்க."

"ஒரு வருஷமா!" மேலாளரின் முகம் மலர்ந்தது. அவருக்கு ஓர் ஆண்டுத் திட்டம் கிடைத்துவிட்டது.

கடையில் கொடுத்த தாளை வரவேற்பாளர் எடுத்துக் காட்டினார். உள்ளங்கையளவு தாள், நாலே வரி. தினம் இரண்டு முறை உப்புத் தண்ணீர் ஸ்பிரே அடிக்கவும். அந்தப் பக்கமாகப் படுக்க வேண்டாம். தோட்டைத் திருக வேண்டாம். தொட வேண்டாம்.

"இவ்வளவுதானா? மனுஷங்க காதை இப்படியா அநாதையா விடுறது?" என்று மேலாளர் வருந்தினார். மதியத்துக்குள் 'காது நலக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மேலாளர். உறுப்பினர்கள் இருவர்: எப்போதும் இடுப்பில் டார்ச் மாட்டியிருக்கும் பாதுகாப்பு அலுவலரும், அலுவலகமே 'கிரீஸ் அண்ணன்' என்று அழைக்கும், முப்பது வருட அனுபவமுள்ள தலைமை மெக்கானிக்கும். செயலாளர் நான். வரவேற்பாளர் 'சிறப்பு அழைப்பாளர்'. அவர் இல்லாமல் காது மட்டும் தனியாக வர முடியாது என்பதால் இந்தச் சலுகை.

முதல் கூட்டத்திலேயே கிரீஸ் அண்ணன் தாளின் மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டார்.

"திருகக் கூடாதா? இதை எழுதுனவன் ஒரு பேரிங்கையாவது கண்ணால பாத்திருப்பானா? ஓட்டைக்குள்ள உலோகம் அசையாம கெடந்தா என்னாகும்? இறுகிப்போகும். நம்ம லிஃப்டை ஒரு மாசம் ஓட்டாம விட்டுப் பாருங்க."

"அண்ணே, இது லிஃப்ட் இல்லண்ணே, காது" என்றார் வரவேற்பாளர்.

"எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி. சுத்தணும், எண்ணெய் விடணும், சத்தம் வருதான்னு கேக்கணும்."

அன்றே பராமரிப்பு அட்டை தயாரானது. லிஃப்டுக்கு அச்சடித்த அட்டைகள் ஏராளமாக மீந்திருந்ததால் புதிதாக அடிக்கவில்லை; 'இயந்திர எண்' என்ற இடத்தில் 'வலது' என்று எழுதிக்கொண்டேன். தினமும் காலை பத்தேகால் மணிக்கு ஆய்வு. பாதுகாப்பு அலுவலர் டார்ச் அடிப்பார். கிரீஸ் அண்ணன் தோட்டை இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் மூன்று சுற்று திருகுவார். மேலாளர் சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். நான் பேனாவால், சில சமயம் விரலாலும், முடியை ஒதுக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு பதிவு செய்வேன். 'அசைவு: சரி. சுழற்சி: சற்றுக் கடினம். சத்தம்: இயந்திரத்திலிருந்து இல்லை, உரிமையாளரிடமிருந்து லேசாக உண்டு. கசிவு: உண்டு.'

மூன்றாவது வாரம் வரவேற்பாளர் ஒரு கோரிக்கை வைத்தார்.

"சார், தொடக் கூடாதுன்னு அந்தத் தாள்ல போட்டிருக்கே."

"ரொம்பச் சரி" என்றார் மேலாளர். "யாரும் தொடக் கூடாதுன்னு இப்பவே தீர்மானம் போட்டுடலாம். செயலாளர், எழுதிக்குங்க. ஆனா யாரும் தொடலைன்னு எப்படி உறுதி பண்றது?"

பாதுகாப்பு அலுவலர் கையை உயர்த்தினார். "தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடும் சார். வலிச்சா, யாரோ முன்னாடியே தொட்டிருக்காங்கன்னு அர்த்தம்."

தொட்டுப் பார்த்தோம். வலித்தது. யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று ஏகமனதாக முடிவு செய்து, குற்றவாளியைக் கண்டுபிடிக்கும்வரை ஆய்வைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என இரட்டிப்பாக்கினோம்.

அவர் ஏன் மறுக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் படிவத்தில் 'ஒத்துழைப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்துக்கு எத்தனை என்று மேலாளர் எழுத வேண்டும். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அந்தப் படிவம் மேலாளரின் மேசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் துளைக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கிளம்பியது. குழு உற்சாகமடைந்தது. அதுவரை ஆய்வுக்கு ஒரு துளை மட்டுமே இருந்தது. இப்போது அளக்கவும் ஏதோ ஒன்று கிடைத்தது. கிரீஸ் அண்ணன் தன் அளவுகோலைக் கொண்டுவந்தார். அதைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தார். எதனால் துடைத்தார் என்பது குறிப்பில் இல்லை.

"சார், ஒரு வாரம் மட்டும் சும்மா விட்டுப் பாக்கலாமே" என்றார் வரவேற்பாளர். அவர் கண் கலங்கியிருந்தது.

"சும்மா விடுறதா?" மேலாளர் பதறிப்போனார். "உங்களை அப்படிக் கைவிட எங்களுக்கு மனசு வருமாம்மா?"

ஐந்தாம் மாதம் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டுச் சாவியை அம்மாவிடமிருந்து வாங்கிப் போக வந்தவள். அவள் காதைப் பார்த்த குழு அப்படியே நின்றுவிட்டது. சிவப்பு இல்லை, கட்டி இல்லை, கசிவு இல்லை. குட்டித் தோட்டை மாற்றி நீலக்கல் வைத்த ஒன்றைக்கூடப் போட்டிருந்தாள்.

"உன் காதை யாரும்மா பராமரிக்கிறாங்க?" என்று மேலாளர் விசாரித்தார்.

"யாருமில்ல அங்கிள். உப்புத் தண்ணி அடிப்பேன். மத்தபடி அப்படி ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டேன்."

"மறந்துட்டியா!" பாதுகாப்பு அலுவலர் தலையில் கைவைத்துக்கொண்டார். கிரீஸ் அண்ணன் தொழில்முறை ஆர்வத்தில் அந்தக் காதை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். அவள் ஓரடி பின்னால் போய், "தொடாதீங்க" என்றாள்.

அண்ணனின் கை கீழே இறங்கிவிட்டது. 'இளைய தலைமுறையிடம் ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதிக்கொண்டேன். மகளின் காது ஆறியதும் அம்மாவின் காது ஆறாததும் குழுவை வெகுவாகக் குழப்பியது. இரண்டு கூட்டம் போட்டு அலசிய பிறகு, மகளுடையது அதிர்ஷ்டம் என்றும், அம்மாவுக்கு இன்னும் கூடுதல் அக்கறை தேவை என்றும் முடிவுக்கு வந்தோம். போகும்போது அந்தப் பெண் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா, "உனக்குப் புரியாதுடி, போ" என்றார். எனக்குப் புரிந்தது. ஆனால் செயலாளருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை, எழுதும் கடமை மட்டுமே உண்டு. இந்த விதியை யார் போட்டது என்று தேடிப் பார்த்தேன், நானேதான்.

எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை அவர் காய்ச்சலோடு வந்தார். காதின் மேல்பாதி வீங்கி, பளபளவென்று சிவந்து, தலையிலிருந்து விலகி நின்றது. அன்றும் பத்தேகால் ஆய்வு தவறவில்லை. கிரீஸ் அண்ணன் திருகியபோது சீழ் வந்தது. வரவேற்பாளர் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் போன் அடித்தது. யாரோ ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எடுத்துப் பேசி, ஆளை அனுப்பிவிட்டு, பிறகுதான் மயங்கிச் சரிந்தார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டம் போட்டோம்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது தண்ணீர் கேன் போட வந்தவர். டாக்டர் தோட்டைக் கழற்றி, காதைக் கீறிச் சீழை எடுத்தார். கெட்டுப்போன குருத்தெலும்பில் கொஞ்சத்தை வெட்டியெடுக்க வேண்டியிருந்ததாம். பத்து நாள் விடுப்பு. சான்றிதழில் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'இவர் காதை யாரும் தொடக் கூடாது.'

முப்பத்து நான்காவது கூட்டத்தில் இறுதி அறிக்கை நிறைவேறியது. 'மேற்படி துளை முற்றிலுமாக மூடிவிட்டது. கசிவு இல்லை. சுழற்சி ஆய்வு இனித் தேவைப்படாது. குழுவின் நோக்கம் நூறு சதவீதம் ஈடேறியது.' பயிலரங்கு நடத்தியவர்களுக்கு மேலாளர் ஒரு பிரதி அனுப்பினார். அடுத்த பயிலரங்கில் இதை உதாரணமாகக் காட்டப்போவதாகப் பதில் வந்தது.

விடுப்பு முடிந்து வரவேற்பாளர் திரும்பினார். முடியை வலது பக்கமாக இழுத்துவிட்டிருந்தார். காற்றாடிக் காற்றில் அது விலகியபோது பார்த்தேன்: காதின் மேல் விளிம்பு, நனைந்து காய்ந்த காகிதத்தின் ஓரம் போல உள்ளே சுருங்கி மடிந்திருந்தது. இனி அது அப்படியேதான் இருக்குமாம். பேனாவை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் போய் நின்றேன்.

"வாங்கம்மா, வாங்க. எங்க, காட்டுங்க பாப்போம்" என்று மேலாளர் முடியை ஒதுக்கக் கையை நீட்டினார்.

அவர் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தார்.

"தொடாதீங்க சார்."

குரலை உயர்த்தவில்லை. பிடியையும் விடவில்லை. பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வதென்று தெரியாமல் டார்ச்சை அடித்தார்.

"விடும்மா, வலிக்குது."

"வலிக்கும் சார்" என்றார் அவர். பிறகு விட்டார்.

மேலாளரின் மணிக்கட்டு சிவந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்தச் சிவப்பு மறைந்துவிட்டது. யாரும் அதைத் திருகிப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் நாங்கள் நால்வர் அவருடைய காதில் கைவைத்ததற்கு நிறுவன மொழியில் 'அக்கறை' என்று பெயர். அவர் ஒரே ஒரு முறை எங்களில் ஒருவரின் கையைப் பிடித்ததற்கு 'மேலதிகாரி மீது உடல்ரீதியான அத்துமீறல்' என்று பெயர். விசாரணைக் குழு நாளை கூடுகிறது. செயலாளர் நான், பக்கத்தில் நின்றவன் என்பதால் சாட்சியும் நானே. 'எந்தத் தூண்டுதலும் இல்லாமல்' என்று இப்போதே தட்டச்சு செய்து வைத்துவிட்டேன்.