மண்டல் தாதா விளக்குக்கு நான் போட்ட தொப்பி

கையில் ஒரு மீட்டரையும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையையும் மாட்டிவிட்டால் போதும், நேற்றுவரை வாயில்லாப் பூச்சியாக இருந்தவர்கூட இன்று ஊருக்கு நாட்டாமை ஆகிவிடுவார். இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த நாட்டாமை நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மெயின்லாண்டில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி அந்தமானுக்குத் திரும்பியிருந்தேன். (மீன் பிடிக்கிறவர் மகள்தான். அது என் வயிற்றுக்குத் தெரியாது.) எங்கள் நகராட்சியில் ஆறு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. வெளிவிளக்குகளுக்குப் புது விதிகள் வந்திருந்த சமயம் அது. விளக்குக்கு மேல்மூடி இருக்க வேண்டும். வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும். வானத்துக்கோ, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ, கடலுக்கோ போகக் கூடாது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை பல்புக்குப் பதிலாக மஞ்சள் பல்பு போட வேண்டும். கடலை ஒட்டிய எங்கள் வார்டில் எந்தெந்த விளக்கு அடங்காமல் எரிகிறது என்று பார்த்து, அதை அடக்குவது என் பொறுப்பு.

முதல் வாரம் 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று சலிப்பாகத்தான் இருந்தது. பிறகு பைத்தியமே பிடித்துவிட்டது. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஐந்தரைக்கு நான் வெளிச்சம் அளக்கும் மீட்டரோடு தெருவில் நிற்பேன். ஒருநாள் சர்ச் வாசலில் இருந்த பெரிய விளக்கைத் தற்செயலாகக் கையால் மறைத்தேன். அதுவரை கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டும், அதில் படுத்திருந்த நாயும் பளிச்சென்று தெரிந்தன. கையை எடுத்தேன், நாயைக் காணோம். மறைத்தேன், நாய் வந்தது. கூசுகிற வெளிச்சம் இருந்தால் பார்வை குறைகிறது! இதை ஏன் டிப்ளமோவில் யாரும் சொல்லித்தரவில்லை? கால் மணி நேரம் அந்த நாயை மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நாய்தான் பயந்து எழுந்து போனது.

ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்த தோழி இன்னொன்று சொன்னாள். ஆமைக் குஞ்சுகள் மணலைவிட்டு வெளியே வந்ததும், வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்குமாம். கரையில் விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் போய்விடுமாம். அன்றிலிருந்து எனக்கு ஒவ்வொரு பல்பும் கொலைகாரனாகத் தெரிந்தது.

எங்கள் வார்டின் மகா கொலைகாரன் மண்டல் தாதா வீட்டில் இருந்தான். (தாதா என்றால் ரவுடி இல்லை. வங்காளிகள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.) கருவாடு காயப்போடும் முற்றத்தை நாய்களிடமிருந்து காப்பாற்ற, மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, கடலைப் பார்த்து ராட்சச வெள்ளை விளக்கு ஒன்றை மாட்டியிருந்தார். என் மீட்டரை அதன் முன்னால் நீட்டியபோது எண்கள் எகிறிய வேகத்தில் மீட்டர் செத்தே போய்விட்டது என்று நினைத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். தாதா தலையைச் சொறிந்தார்.

"பேட்டி, பெஹ்லே பாபா ஸே பூச்" என்றார். மகளே, முதலில் உன் அப்பாவைக் கேள் என்று அர்த்தம்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ரோஷம் வந்ததோ! அப்பா பேரைச் சொன்னால் விட்டுவிடுவேனா? வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கிற ஆளா நான்? நோட்டீஸை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

உண்மையில் இந்த விளக்கை அடக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. என் அப்பா அந்தோணியும் மைக்கேல் சித்தப்பாவும் சின்ன எஞ்சின் வைத்த டிங்கிப் படகில் தூண்டில் போடப் போவார்கள். மற்ற டிங்கிகள் எல்லாம் மதியத்துக்குள் திரும்பிவிடும். இருட்டிய பிறகு கரைக்கு வருவது இவர்களுடையது ஒன்றுதான். "எனக்கு விளக்கு எதுக்கு? நட்சத்திரம் பாத்தே கரை புடிச்சிருவேன்" என்பது முப்பது வருடமாக அப்பா அடிக்கும் தம்பட்டம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்பே இது கொடுக்கப்படும். அம்மா இதைக் கேட்டுத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தாராம். பாவம், இந்த விளக்கின் வெளிச்சத்தில் அப்பாவுக்கு நட்சத்திரமே சரியாகத் தெரியாதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"அப்பா, நாளைக்குத் தாதா விளக்குக்கு மூடி போட்டுத் தரையப் பாத்துத் திருப்பப் போறேன். இனிமே உங்களுக்கு நட்சத்திரம் எல்லாம் சும்மா தகதகன்னு தெரியும்."

அப்பாவுக்குப் புரை ஏறியது. அம்மா தலையில் தட்டினார்.

"மெதுவாத் தின்னுங்க. புள்ள உங்களுக்காகத்தானே செய்யுதா, நல்லதுதானே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "ம்... செய்யி செய்யி" என்றார். மீன் முள் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் அவர்கள் கடலுக்குப் போன பிறகு, எலக்ட்ரிஷியனோடு போய்த் தகரத்தில் ஒரு மூடி மாட்டி, விளக்கைத் தரை பார்க்கத் திருப்பி, மஞ்சள் பல்பும் போட்டுவிட்டேன். ஐந்தரைக்குக் கரையில் நின்று பார்த்தால், ஆகா! கருவாட்டு முற்றத்தில் மட்டும் இதமான மஞ்சள் வெளிச்சம். மேலே, எங்கள் வார்டில் நான் பார்த்தே இராத அத்தனை நட்சத்திரங்கள். பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது.

ஆறு மணிக்கு வர வேண்டியவர்கள் ஆறரைக்கும் வரவில்லை. ஏழு மணிக்கு அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். ஏழரைக்கு என் போன் அடித்தது. மைக்கேல் சித்தப்பா.

"சித்தப்பா! எங்க நிக்கீங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் புள்ள உனக்குப் போன் போடுதேன்? சேத்துல மாட்டிக்கிட்டு நிக்கோம். ரெண்டு பக்கமும் மாங்குரோவ் காடு. தண்ணி வேற வத்துது."

"அப்பா நட்சத்திரம் பாத்து வரலியா?"

"நட்சத்திரம் எல்லாம் பிரமாதமாத் தெரியுது. கரையத்தான் காணோம்! தாதா பத்திக்கு என்ன வந்துச்சு? அதப் பாத்துத்தானே முப்பது வருசமா அண்ணன் பாறைக்கு நடுவுல திருப்புவாவ!" (பத்தி என்றால் விளக்கு. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி இந்திதான்.)

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "ஏலே, போன வையிடா!"

திருப்பத்தைத் தவறவிட்டு அப்படியே உள்ளே போயிருந்தால் அது சிப்பிகாட் பக்கத்து ஓடையாகத்தான் இருக்க வேண்டும். அங்கே கரை நெடுக முதலை எச்சரிக்கைப் பலகைகள். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அதைச் செய்தது முதலை இல்லை, நான். தாதா வீட்டுக்கு ஓடி, அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறி, என் தகர மூடியைப் பிடுங்கி எறிந்தார். பழைய பல்பை மாட்டி, விளக்கைக் கடல் பக்கம் திருப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு தாதாவும் நானும் அவருடைய டிங்கியில் கிளம்பினோம். நான் மூன்று முறை வாந்தி எடுத்தேன். ஓடைக்குள் நுழைந்ததும் 'மாதாவே துணை' என்று பாடும் குரல் கேட்டது. சித்தப்பா! டார்ச் அடித்துப் பார்த்தால், அவர் துடுப்பை ஓங்கியபடி முதலைக்காகக் காத்து நிற்கிறார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அவர்கள் டிங்கி சேற்றைவிட்டு அசையவில்லை. தண்ணீர் ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கயிற்றால் மரத்தில் கட்டிவிட்டு, இருவரையும் எங்கள் டிங்கியில் ஏற்றினோம். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால்வரை சேறு.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா?"

"உங்க அம்மா இருந்தாளேட்டி" என்றார் அப்பா, தணிந்த குரலில்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் முதல்முறையாக எங்கள் வார்டைக் கடலிலிருந்து பார்த்தேன். நான் அடக்கிவைத்த விளக்குகள் எல்லாம் பூனைபோலப் பதுங்கியிருந்தன. எது சர்ச், எது படகுத்துறை, எது பாறை, ஒன்றும் தெரியவில்லை. தாதாவின் விளக்கு மட்டும் கண்ணைக் குத்தியது. எத்தனையோ நாள் அளந்த விளக்கு. இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கரையில் அம்மா நின்றார். சித்தப்பா போனில் சொன்னதெல்லாம் அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"ஏட்டி, எல்லாரும் கரை ஏறியாச்சான்னு பாக்காமலா வெளக்க அணைப்ப?"

மறுநாள் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் விதிகளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். படகுகள் அடையாளமாகப் பார்க்கும் விளக்குக்கு விலக்கு உண்டு என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. நாட்டாமை கடைசிப் பக்கம்வரை படிக்கவில்லை! விலக்கு வேண்டுமானால், அந்த விளக்கைப் பார்த்துத்தான் கரை சேருகிறேன் என்று படகுக்காரர் கைப்பட எழுதித்தர வேண்டும். அப்பா இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. மூன்றாம் நாள், அம்மா சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இப்போது அந்த விளக்கு மேலும் பக்கமும் மூடி, பாறை இடுக்கை மட்டும் பார்த்து எரிகிறது.

வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் யாரும் சும்மா ஒரு சுவிட்சை அணைத்துவிட முடியாது. "எல்லாரும் கரை ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அணைக்க வேண்டும். என் கணவர் மதுரைக்காரர், டிங்கியில் காலே வைக்காதவர். போன வாரம் என் மகள் கேட்காமல் குளியலறை விளக்கை அணைத்துவிட்டாள். உள்ளேயிருந்து, தலையெல்லாம் சோப்போடு, மனுஷர் கத்தினார்:

"அடியே, நான் இன்னும் கரை ஏறல!"