கண்ணாடிக்காரர் போட்ட பெரிய பேட்டரி

வீடியோ கேம்ல கோல் அடிக்க ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. கண்ணாடிக்காரர் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, சோபா நுனிக்கு நகர்ந்து வந்து, கட்டை விரலால ஓங்கி அமுக்குனாரு. டிவியில இருந்த ஆட்டக்காரன் அசையலை. திரும்ப அமுக்குனாரு. ம்ஹூம். திரையில கன்ட்ரோலரைக் காணோம்னு ஒரு பெட்டி எழுந்து நிக்குது. கையைத் திருப்பிப் பாத்தா விளக்கு அணைஞ்சிருக்கு. கட்டை மாதிரி கிடக்கு கன்ட்ரோலர்.

பக்கத்துல உக்காந்திருந்த மேல்வீட்டுப் பல் டாக்டர், தன்னோட கன்ட்ரோலரை மேஜை மேல மெதுவா வச்சாரு.

"பாதியில செத்தா தோல்வி. ரூல் ரூல்தான் சார்."

"பேட்டரி சார்! பேட்டரிதான் செத்துச்சு, நான் எங்க செத்தேன்? அடுத்த நொடி கோல்!"

"போன ஞாயித்துக்கிழமையும் அடுத்த நொடின்னுதான் சொன்னீங்க. பக்கெட் வெளிய இருக்கா, நான் எடுத்துட்டு வரட்டுமா?"

பக்கெட் எதுக்குன்னா, தோத்தவரு ஜெயிச்சவரோட காரைக் கழுவணும். அதுதான் பந்தயம். இந்தப் பந்தயத்துக்குக் கண்ணாடிக்காரர் எப்படி ஒத்துக்கிட்டாருன்னு கேட்டா அதுவே ஒரு கதை. கடைவாய்ப் பல்லு வலின்னு டாக்டர்கிட்ட போனாரு. நாற்காலியில சாய்ச்சு, வாயைப் பிளந்து, உள்ள நாலு சாமானை விட்டுட்டு டாக்டர் கேட்டாராம், "என்ன சார், வாரா வாரம் நீங்களும் நானும் ஒரு மேட்ச் ஆடுவோமா? தோத்தவங்க கார் கழுவணும், சம்மதமா?" வாயில குறடு இருக்கிற மனுஷன் என்ன பதில் சொல்லுவாரு? "ஆ"ன்னாரு. டாக்டர் அதை 'ஆகட்டும்'னு எடுத்துக்கிட்டாரு. பல்லும் போச்சு, ஞாயித்துக்கிழமையும் போச்சு. அதுலயும் கண்ணாடிக்காரருக்குக் கார் கிடையாது. ஜெயிச்சாலும் கழுவிவிட அவர்கிட்ட ஒரு ஓட்டை ஸ்கூட்டர்தான்.

ஒயரை மாட்டிக்கிட்டே ஆட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அந்த ஒயர் முழ நீளம். மாட்டிக்கிட்டு ஆடினா மூக்கு டிவியில இடிக்கும்.

இதுல அவருக்குப் பெரிய அதிர்ச்சி என்னன்னா, சனிக்கிழமை ராத்திரி முழுசா சார்ஜ் போட்டு வச்ச கன்ட்ரோலர், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குத்துயிரும் கொலையுயிருமா கிடக்குது. தன் கண்ணாடிக் கடையில அரை நாள் இருந்துட்டு வர்றதுக்குள்ள யாரு உறிஞ்சிக் குடிச்சது?

அதுமட்டுமில்ல, அதுல ஒரு வாசனை வேற. சுருக்குன்னு மூக்குல ஏறும். ஆட்டம் முடிஞ்சு கண்ணைக் கசக்கினா எரியும், தண்ணியாக் கொட்டும். ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பாத்து கண்ணாடி மாட்டிவிடுற மனுஷனுக்குத் தன் கண்ணு ஏன் எரியுதுன்னு புரியலை. யோசிச்சு யோசிச்சு ஒரு நாள் கண்டுபிடிச்சுட்டாரு. கண்டுபிடிச்சதும் மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துப் போச்சு அவருக்கு.

அவரு பொண்டாட்டி அப்போ யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ. காலையில பிள்ளைங்களைக் கொண்டு போய் விட்டுட்டு வீட்டுக்கு வருவா, மத்தியானம் திரும்பக் கிளம்புவா. லீவு நாள்ல பஸ்ஸு வீட்டுக்குப் பக்கத்துல காலி மனையில, டாக்டர் காருக்கு ஒட்டுனாப்புல நிக்கும். இத்தனை வருஷமா ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஒரு தடவை சந்துல எதிர வந்த ஒருத்தன், "பொம்பளை ரிவர்ஸ் எடுத்தா விடிஞ்சிடும்"னு சிரிச்சான். அவ எடுத்தா பாருங்க, அவன் தொப்பைக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு பேப்பர்தான் நுழையும். மூச்சை இழுத்துப் பிடிச்ச பய, பஸ் போனதுக்கப்புறமும் விடலையாம். அது கிடக்கட்டும்.

"ஏம்மா, இதை மோந்து பாரு."

"நான் எதுக்குங்க அதைப் போய் மோந்து பாக்கணும்?"

"பாருன்னா பாரேன். பேட்டரி கசியுது! விஷவாயு! அதான் என் கண்ணு எரியுது, அதான் சார்ஜும் நிக்கலை."

மோந்து பாத்தா. இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சா. வலது தோளை ஒரு தரம் உருட்டிவிட்டுக்கிட்டா.

"ஆமாங்க. பேட்டரியேதான்."

"புதுசு போடப் போறேன். சும்மா இல்லை, பெருசா. இதைவிட மூணு மடங்கு தாங்கும்."

"மூணு மடங்கா?" கண்ணு விரிஞ்சுது அவளுக்கு. "அவ்வளவு தாங்குமா?"

"நாள் பூரா தாங்கும்!"

"அப்படின்னா வேணவே வேணாம்!" சட்டையை உதறின வேகத்துல காலண்டர் ஆடுச்சு. "அந்த கேம் ரிமோட்டைத் தொடவே கூடாது, சொல்லிட்டேன். பெரிய பேட்டரி அது இதுன்னு ஏதாவது இந்த வாசப்படி ஏறுச்சு, நடக்கிறதே வேற."

"ரிமோட் இல்லைம்மா, கன்ட்ரோலர். அதுவும் என்னோட கன்ட்ரோலர்!"

"இந்த வீட்டுக்குக் கன்ட்ரோலர் யாருங்க?"

கண்ணாடிக்காரர் எச்சிலை முழுங்கினாரு. வெளியிலதான் முழுங்கினாரே தவிர, உள்ளுக்குள்ள சிங்கம் எந்திரிச்சு உக்காந்துடுச்சு. யாரு வேணாம்னு சொன்னாலும் செஞ்சு காட்டுறதுதான் அவரு சுபாவம். குளியலறைத் தாழ்ப்பாள் கழண்டு தொங்கினப்போ, "மாட்டுங்க, மாட்டுங்க"ன்னு அவ கெஞ்சின வரைக்கும் நாளைக்கு, நாளைக்குன்னாரு. "நீங்க தொடவே கூடாது, நான் ஆளைக் கூப்பிடுறேன்"னு அவ சொன்னா பாருங்க, அன்னைக்கே மாட்டிட்டாரு. உள்பக்கமா நின்னு மாட்டி, அப்புறம் திறக்கத் தெரியாம ஜன்னல் வழியா குதிச்சது வேற விஷயம். ஆனா மாட்டினாரு. ஒழுகுற குழாயும் அப்படித்தான். பரண் மேல இருந்த குப்பையும் அப்படித்தான். எல்லாத்தையும் தன்னோட வெற்றிக் கணக்குலதான் வச்சிருந்தாரு மனுஷன்.

மறுநாளே செல்போன் ரிப்பேர் கடையில போய் நின்னாரு.

"இது தடிமன் ஜாஸ்தி சார்," கடைக்காரர் பேட்டரியை உள்ளங்கையில வச்சுக் காட்டினாரு. "சொருகுற முனை சேரும். ஆனா உள்ள ஒரு பிளாஸ்டிக் மேடு இடிக்கும். அதைச் சீவணும். பேட்டரியை மட்டும் கீறிடாதீங்க, தீப்பிடிச்சுக்கும். செய்வீங்களா?"

"நான் தினம் நூறு மூக்குக்குப் பிரேம் சீவுற ஆளு தம்பி."

வீட்டுல செய்ய முடியாது, தன் கடையிலதான். கண்ணாடிக்குத் திருகுற பொடி ஸ்க்ரூடிரைவர் இருக்கு, துடைக்கிற மெத்துத் துணி இருக்கு. அதை விரிச்சு, கன்ட்ரோலரைக் குப்புறப் போட்டாரு. பின்பக்கத்து விசையில ஒரு ரப்பர் பேண்ட் சுத்தி இருந்துச்சு. தன் கடை ரப்பர் பேண்டுதான், எப்படியோ ஒட்டிக்கிட்டு வந்திருக்குன்னு கழட்டிப் போட்டாரு. திருகாணியை எல்லாம் எடுத்தாரு. மூடியை நெம்பினாரு. டிக்குன்னு திறந்துச்சு. திறந்த வேகத்துல உள்ள இருந்து ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிப் பறந்துச்சு.

அந்த நேரம் பாத்துதானா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை உள்ள நுழையணும்? ஸ்பிரிங்கு நேரா அவங்க கைப்பைக்குள்ள.

"என் கண்ணாடி ரெடியா?"

"ரெடி மேடம். மாட்டிப் பாருங்க. பையை மட்டும் இப்படிக் குடுங்க, பாரமா இருக்கும்."

அவங்க மாட்டிக்கிட்டு சுத்திப் பாத்தாங்க. "அடேயப்பா, எல்லாம் பளிச்சுன்னு தெரியுதே! அந்த மேஜை மேல குடல் சரிஞ்சு கிடக்குதே, அது என்ன?"

"அது... புது மாடல் கண்ணாடி மேடம்."

"எனக்கு வேணாம்." பையைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நல்லவேளை, ஸ்பிரிங் அதுக்குள்ள கைக்கு வந்துடுச்சு.

பழைய பேட்டரியைக் கழட்டி எடுத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கசிவு கிடையாது. வீக்கம் கிடையாது. காஞ்ச சுள்ளி மாதிரி இருக்கு. மோந்து பாத்தா வாசனையே இல்லை! வாசனை முழுக்க வெளி மூடியிலதான். 'சரிதான், வாயு எல்லாம் வெளிய போயிட்டா உள்ள காஞ்சுதானே இருக்கும்'னு தனக்குத்தானே பாடம் நடத்திக்கிட்டாரு. மேட்டைச் சீவினாரு. புதுசை உக்கார வச்சு, முனையைச் சொருகி, மூடித் திருகினாரு. பட்டனை அமுக்கினதும் விளக்கு என்னமா எரியுது!

மேஜையில ஒரு திருகாணி மிச்சம் கிடந்துச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியலை. சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

ஞாயித்துக்கிழமை. முந்தின நாளே முழு சார்ஜ். கடையில உக்காந்திருந்தாலும் மனசெல்லாம் மேட்ச்லதான். வெள்ளெழுத்துக்காரருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் குடுத்து அனுப்பிட்டு, அவரு தூணு தூணா இடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்ததுக்கப்புறம்தான் கடையைச் சாத்தினாரு.

வீட்டு வாசல்ல கால் வச்சதும் காதுல விழுந்துச்சு. ர்ர்ர்ர்ர்ர்.

உள்ள இருந்துதான் வருது. விடாம வருது. கண்ணாடிக்காரர் கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. திருகாணி! மிச்சம் விழுந்த திருகாணி! ஐயோ, பேட்டரியைக் கீறிட்டேனா? வெடிக்கப் போகுதா? உள்ள அவ தனியா இருக்காளே! ஓடிப் போய் பக்கெட்டைத் தூக்கினாரு. கரண்ட் சாமான்ல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஞாபகம் வந்துச்சு. வேற வழி தெரியலை, பக்கெட்டைத் தலையில கவுத்துக்கிட்டு உள்ள பாஞ்சாரு.

"எந்திரி! ஓடு! வெடிக்கப் போகுது!"

பக்கெட்டை லேசாத் தூக்கிப் பாத்தாரு. டிவியில ஒரு கார். ஓட்ட ஆளில்லை, அதுபாட்டுக்கு சுவத்துல உரசிக்கிட்டே நிக்குது. பேய் ஓட்டுற கார் மாதிரி இருக்கு. சோபாவுல அவரு பொண்டாட்டி குப்புறப் படுத்திருக்கா. வலது தோள்ல ஒரு துண்டு. துண்டு மேல கன்ட்ரோலர். பின்பக்கத்து விசையை ஒரு புது ரப்பர் பேண்ட் அமுக்கிப் பிடிச்சிருக்கு. கன்ட்ரோலர் கிடந்து உதறுது. வீடு பூரா தைல வாசனை.

தைலம்! கன்ட்ரோலர்ல அடிச்ச அதே வாசனை!

"கத்தாதீங்க," கண்ணைத் திறக்காமலே சொன்னா அவ. "இப்பதான் தோளு இளகி வருது."

"நீ... நீயா? தினமுமா?"

"பின்ன? ஸ்டியரிங்கு என்ன பஞ்சுலயா செஞ்சிருக்கான்? காரை மோத விட்டா இது நல்லா உதறும்னு ஒரு நாள் தூசி தட்டும்போது தெரிஞ்சுது. பழைய பேட்டரி அரைத் தோளுக்குத்தாங்க காணும். இது பாருங்க, தோளு முடிஞ்சு இடுப்புக்குப் போகலாம்."

"என் கண்ணு எரிஞ்சுதே! விஷவாயுன்னேனே! பேட்டரியேதான்னியே!"

"நீங்களே கண்டுபிடிச்சீங்க. அதைக் கெடுப்பானேன்?"

"அப்புறம் ஏண்டி தொடவே கூடாதுன்ன?"

அவ ஒரு கண்ணை மட்டும் திறந்தா. "போடுங்கன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

கண்ணாடிக்காரர் அப்படியே உக்காந்துட்டாரு. தாழ்ப்பாள். குழாய். பரண். ஒவ்வொண்ணா வெற்றிக் கணக்குல இருந்து எந்திரிச்சு அவ பக்கமாப் போய் நின்னுச்சு.

"அந்தத் தாழ்ப்பாளு..."

"அதுவும்தான். முதல்ல அந்தப் பக்கெட்டைத் தலையில இருந்து எடுங்க, டாக்டர் வந்துட்டாரு."

வாசல்ல டாக்டர் நிக்கிறாரு. தலையில பக்கெட்டோட இருந்தவரைப் பாத்து, "என்ன சார், ஆடறதுக்கு முன்னாடியே ரெடியா?"ன்னாரு.

அன்னைக்கு ஆட்டம் முழுசா நடந்துச்சு. கன்ட்ரோலர் சாகலை. விளக்கு மங்கக்கூட இல்லை. டாக்டர் ஒரு கோல் போட்டாரு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் வரிசையா. ஆட்டம் முடிஞ்சப்போ ஆறு கோல். கண்ணாடிக்காரர் போட்டது ஒண்ணும் இல்லை. ஒண்ணு போட்டாரு, அதையும் தன் பக்கத்து வலையிலயே போட்டாரு. அந்த ஆறுல அதுவும் சேத்தி.

"பேட்டரி எப்படி சார்?" டாக்டர் ரொம்ப மரியாதையாக் கேட்டாரு.

அதுதான் அவரை அடிச்சுது. இத்தனை வாரமா மானத்தைக் காப்பாத்தின பேட்டரி சாக்கை, தன் கையாலயே திருகிக் கழட்டிட்டாரே!

பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு காலி மனைக்குப் போனாரு. காரைக் கழுவினாரு. கழுவும்போதே ஒரு முடிவு எடுத்தாரு. இனிமே ஏமாற மாட்டேன். அவ ரகசியம் தெரிஞ்சு போச்சு. அவ வேணாம்னா இனிமே நானும் வேணாம்தான். உயிரே போனாலும் வேணாம்தான்.

வீட்டு ஜன்னல் திறந்துச்சு.

"ஏங்க! காரோட நிறுத்திக்கோங்க! பக்கத்துல நிக்கிற என் பஸ்ஸைத் தொடவே கூடாது, சொல்லிட்டேன்!"

கண்ணாடிக்காரர் சிரிச்சாரு. ஆகா, திரும்பவுமா? அசையாம நின்னாரு. மேல்வீட்டு ஜன்னல்ல இருந்து டாக்டர் எட்டிப் பாத்தாரு.

"பரவால்ல சார்! வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா அப்படியே கேட்டுக்கிறீங்களே!"

சுர்ருன்னு ஏறுச்சு பாருங்க கண்ணாடிக்காரருக்கு. யாரு, நானா? பொண்டாட்டி சொன்னதும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறவனா நான்? "யாரு சொன்னாலும் இந்தக் கை நிக்காது சார், பாத்துக்கிட்டே இருங்க!"ன்னு துணியை உதறிக்கிட்டு நடந்தாரு.

பஸ்ஸோட நாலாவது கண்ணாடிக்கு சோப்பு போடும்போதுதான், அவரு கை நின்னுச்சு.