சத்துக்காரர் கொண்டுவந்த மஞ்சள்

உலகத்திலேயே ஒரு கட்டுக் கீரைக்குப் பிரசவ வார்டு மரியாதை கேட்ட ஒரே மனிதர் எங்கள் சத்துக்காரர்தான்.

சிங்காநல்லூரில் நான் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதம் தவறாமல் வருவார். இயற்கை விவசாயி. கையில் எப்போதும் இரண்டு பொட்டலங்கள். ஒன்று அவர் தோட்டத்தில் விளைந்தது. மற்றது, வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், யூரியா போட்டு விளைவித்தது. தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, மச்சானுடையதை ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். பக்கத்தில் வைத்தால் யூரியா ஒட்டிக்கொள்ளுமாம்.

"ஏனுங்க அம்மணி, மிக்ஸியிலயா அடிக்கறீங்க? மெதுவா ஓட்டுங்க, சத்து மிரண்டுபோயிருமுங்க."

ஒருமுறை அவர் கீரையில், யூரியா போட்டால் ஏறும் நைட்ரேட் குறைவு என்று வந்தது. அன்றைக்குக் கூரியர்காரருக்குக்கூட மைசூர்பா கிடைத்தது. தக்காளியில் இருவருக்கும் வைட்டமின் சமம் என்று வந்தபோது, "உங்க மிஷினுக்கு வயசாயிப்போச்சுங்க" என்று அதற்காக வருத்தப்பட்டார்.

பிறகுதான் மஞ்சள் வந்தது. சரவணம்பட்டியில் ஓர் இயற்கை அங்காடி அவருடைய விளைச்சல் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. மஞ்சளின் சத்தான குர்குமின் அவருடையதில் அதிகம் என்று ரிப்போர்ட் வேண்டும், அவ்வளவுதான். அதை நம்பி ஈரோட்டு வியாபாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அங்காடிக்காரரோ 'மும்மடங்கு சத்து' என்று போர்டே எழுதிவிட்டார்.

ரிப்போர்ட் வந்தது. மச்சானுடையதில்தான் அதிகம்.

"பொட்டலம் மாறிப்போச்சுங்களா அம்மணி?"

மாறவில்லை. விசாரித்தபோது விஷயம் புரிந்தது. எதற்கென்று சொல்லாமல் மச்சானிடம் ஒரு கை மஞ்சள் கேட்டிருக்கிறார். வீட்டு மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் சுமாரானதைக் கொடுப்பார்களா? மச்சான் குவியலையே புரட்டி, கொழுத்ததாகப் பொறுக்கி, துடைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்திருக்கிறார். கொங்கு நாட்டு மரியாதை விஞ்ஞானத்தையே கவிழ்த்துவிட்டது.

இரண்டு குவியலிலும் நாலு இடத்தில் அள்ளிவரச் சொன்னேன். இந்த முறை இரண்டும் சமம்.

"ஒரே விதை, ஒரே மண்ணு. அப்படித்தானுங்க வரும். ஆனா உங்களுதுல பூச்சிமருந்து சுத்தமா இல்லீங்க. அவருதுல கொஞ்சம் இருக்குதுங்க" என்றேன்.

என் மேஜையிலிருந்தே அங்காடிக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "ரிப்போர்ட்டை விடுங்க சார். போர்டுதான் இருக்குதே, யாரு கேக்கப்போறாங்க?"

மிஷினைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ போனில் சொன்னார்:

"இல்லீங்க. மச்சான் மஞ்சளை ஊரு பூரா மட்டமாப் பேசிப்போட்டனுங்க. பொய்யின்னு தெரிஞ்சும் போர்டு மாட்டுனா அவரு மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்? சத்து சமம், மருந்து இல்லைன்னு எழுதறதுன்னா எடுத்துக்குங்க."

அங்காடிக்காரர் போனை வைத்துவிட்டார். சத்துக்காரர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க அம்மணி" என்று கிளம்பினார்.

அந்த மஞ்சள் ஈரோட்டுச் சந்தையில், மச்சானுடையது போன விலைக்கே போனது. அதற்கு முன் நான் ஐந்து கிலோ வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இரண்டே பேர். ரசம் முதல் உப்புமா வரை எல்லாமே கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.